ஒற்றைப்படை நாட்கள்

வழக்கறிஞர் மேசையில் எல்லாம் பிரிந்தது.
கார் அவனுக்கு, குளிர்பெட்டி அவளுக்கு,
கல்யாணத்துக்கு வந்த கோப்பைகள் ஆறில்
மூன்றும் மூன்றும்.
நிலவறைப் பீப்பாயைப் பற்றி
யாரும் வாய் திறக்கவில்லை.

ரூசே நகரம். டான்யூப் கரை.
எட்டு மாடிக் குடியிருப்பின் வயிற்றுக்குள்
இருபது பூட்டு, இருபது கதவு,
ஒவ்வொன்றின் பின்னும் ஒரு புளித்த மூச்சு.

நவம்பர் தொடக்கத்தில்,
இன்னும் ஒரே படுக்கையில் படுத்திருந்த காலத்தில்
இருவருமாக நிரப்பியது அது.
இருபத்திரண்டு முட்டைக்கோஸ்.
தண்டைக் குடைந்து குழிக்குள் கல்லுப்பு.
இடுக்குகளில் சீமைமாதுளைத் துண்டுகள்,
ஒரு கை மக்காச்சோளம்,
நிறத்துக்கு ஒரே ஒரு பீட்ரூட்.

பதம் பார்க்க
ஸ்னெஜானா ஒரு முட்டையை மிதக்க விட்டாள்.
மூழ்கினால் உப்புப் போதாது.
படுத்து மிதந்தால் கூடிப்போயிற்று.
நாணய அகலத்துக்கு
மண்டை மட்டும் வெளியே தெரிய வேண்டும்.
"என்னை மாதிரி" என்று
வழுக்கையைத் தடவினான் ராடோஸ்தின்.
அவள் சிரித்தாள்.
சிரித்ததாகத்தான் ஞாபகம்.

பீப்பாயைப் பாதியாக்க முடியாது.
நீர் தாழ்ந்து இலை காற்றைப் பார்த்துவிட்டால்
மூன்றே நாளில் அழுகல்.
ஆகவே நாள்காட்டியைப் பிரித்தார்கள்.
இரட்டைப்படை அவளுக்கு.
ஒற்றைப்படை அவனுக்கு.

வேலை ஒன்றும் பெரிதில்லை.
அடிக்குழாயைத் திறந்து வாளியில் வடித்து
மேலே திரும்ப ஊற்ற வேண்டும்.
விட்டுவிட்டால் உப்பெல்லாம் கீழே போய்த் தூங்கும்,
மேலே இருப்பது சவசவத்துப் போகும்.
பிறகு ரப்பர் குழாயை அடிவரை இறக்கி
நெஞ்சு வலிக்க ஊத வேண்டும்.
ஊறு வராமல் ஊறுவதற்கு
யாராவது மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழாயின் நுனியில் அவன் பல் பதிந்திருந்தது.
அவள் திருப்பி மறுமுனையால் ஊதினாள்.
பல்தடம் உப்புநீருக்குள் போயிற்று.
கொஞ்சம் யோசித்தாள்.
அடுத்த முறை திருப்பவில்லை.

ஊதியதற்குச் சாட்சி
கதவில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு.
இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன்.
போனில் பேசுவதில்லை என்று ஒப்பந்தம்.
கோடு பேசும்.
அவன் கோடு எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்,
லாரியிலிருந்து நேரே இறங்கி வந்தது போல.

ஒரு விஷயத்தை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.
டிசம்பர் முப்பத்தொன்று ஒற்றைப்படை.
மறுநாள் ஒன்றும் ஒற்றைப்படை.

புத்தாண்டுக் காலையில்
குடித்துத் தலை கனத்த வீடெல்லாம்
சொம்பும் கையுமாக நிலவறைக்கு இறங்குகிறது,
ஒரு மிடறு உப்புநீர் குடித்தால் தெளியும் என்று.
ஐந்தாம் மாடி ப்ளாமென்
தன் பீப்பாய்க் குழாயில் நேராகவே வாய் வைத்திருந்தார்.

வலப்பக்கம் கோடு இல்லை.
இருபத்தொன்பதுக்கும் இல்லை, முப்பத்தொன்றுக்கும் இல்லை.
மூடியைத் தூக்கினால்
நீர்மேல் மெல்லிய வெள்ளை ஆடை,
முப்பதாம் தேதி அவள் பார்க்காமல் விட்டது.
அன்றைக்குத் தலைவலி.
நிஜமாகவே தலைவலி.

அவன் நாளில், அவன் முனையில்
அவள் ஊதினாள்.
அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி
இலைகளுக்கிடையே வழி தேடி
மேலே வந்து உடைந்தன.

பகல் இரண்டு மணிக்குப் போன் அடித்தது.
பாலத்துக்கு அந்தப் பக்கம், ருமேனியக் கரையில்,
பனியில் நான்கு நாளாக லாரி வரிசை.
அதை அவன் பிறகுதான் சொன்னான்.
முதலில் கேட்டது,
"ஊதினாயா?"
"ஊதினேன்."
"எவ்வளவு நேரம்?"
"போதும் என்கிற வரை."
வரிசையில் எவனோ ஹாரன் அடித்தான்.

மார்ச்சில் கடைசி முட்டைக்கோஸ்.
கத்தியை அவன் பிடித்தான்,
பலகையை அவள் பிடித்தாள்.
பாதியை உறையில் சுற்றிக்கொண்டு படியேறினான்.
இளஞ்சிவப்பாகக் கலங்கிய நீரை
யாருக்கென்று கேட்க ஒருவரும் இல்லை.

இரண்டு வாளி.
வாசற்படியில் கண்ணாடியாக உறைந்திருந்த பனிமேல்
கவிழ்த்தாள்.
சத்தமில்லாமல் அது துளைவிட்டு, நெகிழ்ந்து,
சிமெண்ட் தெரிந்தது.
கூடவே நாலைந்து மக்காச்சோள மணிகள்.

ஒரு புறா வந்து ஒன்றைக் கொத்தியது.
கரித்ததோ என்னவோ, துப்பியது.
தலையைச் சாய்த்துப் பார்த்தது.
மறுபடி எடுத்தது.